பெயிண்ட் காத்திருக்கும், தகடு காத்திருக்காது

பழைய காரின் மட்கார்டு ஓரத்தில் பெயிண்ட் கொப்புளித்து நிற்கிறது. விரலால் நெருடினால் செம்பழுப்புத் தூள் உதிர்கிறது. பட்டறையில் காட்டினால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எப்படியும் ஃபுல் பெயிண்ட் அடிக்கத்தானே போறீங்க சார்? இப்ப அங்கங்க சுரண்டி எதுக்குக் காசை வீணாக்கணும்? அப்ப சேர்த்துப் பார்த்துக்கலாம்." கார் வைத்திருக்கும் உறவினரும் இதையே சொல்கிறார். பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக்காரரும் ஆமோதிக்கிறார். ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு செய்வானேன் என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே படுகிறது.

இந்த யோசனை தவறு. முழுப் பெயிண்ட் என்பது பெரும்பாலும் தோற்றத்துக்கான வேலை. கையில் பணம் சேரும்வரை அதைத் தள்ளிப்போடலாம். வெளிறிய நிறத்தோடு வண்டி ஓடிக்கொண்டிருக்கும். துருவோ தகட்டையே தின்கிறது. தின்றதை எந்தப் பெயிண்டும் திருப்பித் தருவதில்லை. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே சீட்டில் எழுதி, ஒரே நாளுக்குத் தள்ளிவைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. துருப் புள்ளிகளை இப்போதே தற்காலிகமாகச் சரிசெய்வதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "எப்படியும் முழுசா அடிக்கப்போறோம், இப்ப செலவு வீண்"

இந்த வாதம் முழுப் பெயிண்டுக்கு நாள் குறித்தாயிற்று என்று பாவித்துக்கொள்கிறது. நம் ஊரில் அந்த நாள் எப்படி நகர்கிறது என்பதைப் பாருங்கள். ஆடி முடியட்டும் என்பார்கள். ஆயுத பூஜைக்குள் முடித்துவிடலாம் என்று பேச்சு வரும். அதற்குள் பட்டறையில் விபத்து வண்டிகள் வரிசையில் நிற்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் மேல்பூச்சு வெள்ளை பூத்துப்போகும் என்பதால் நல்ல பெயிண்டர் அப்போது கைவைக்கத் தயங்குவார்; தயங்குவது சரிதான். "தை பொறக்கட்டும் சார்." தை பிறந்தால் பிள்ளைகளின் பரீட்சை, பள்ளிக் கட்டணம். பதினைந்து வருடம் முடியும் வண்டியாக இருந்தால், "ஆர்.சி. புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டணுமே, அப்ப ஒரேயடியா அடிச்சுக்கலாம்" என்று இன்னும் ஒரு வருடம் கழியும்.

இந்த நாட்காட்டியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயிண்ட் வேலை தள்ளிப்போகும் மழை மாதங்களில்தான் துரு மிக வேகமாக வேலை செய்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்பு துருப்பிடிப்பது வேகமெடுக்கும். மேலே உப்பு படிந்திருந்தால் அதற்கும் குறைந்த ஈரப்பதம் போதும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு மழைகூடத் தேவையில்லை. விடியற்காலைப் பனி போதும்.

அடுத்து செலவுக் கணக்கு. கார்களின் வெளித்தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை. இன்று காசு அளவு துருப் புள்ளியாக இருப்பதை உப்புத்தாள், எபாக்சி பிரைமர், கொஞ்சம் மேல்பூச்சு ஆகியவற்றோடு முடித்துவிடலாம். அதே புள்ளி பொத்தலாகிவிட்டால் வேலை பெயிண்டரின் கையிலிருந்து டிங்கரின் கைக்குப் போகும். உளுத்த பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், புதுத் தகடு வெட்டி வளைக்க வேண்டும், வெல்டிங் வைக்க வேண்டும், வெல்டிங் சூட்டில் நெளிந்த தகட்டைத் தட்டி நேராக்க வேண்டும், அதன்மேல் பட்டி பார்க்க வேண்டும். முழுப் பெயிண்டுக்குக் கொடுக்கும் தொகை மீட்டரில் ஏறுவது பெரும்பாலும் இங்கேதான். வண்டியைச் சுரண்டிப் பார்த்த பிறகு, "உள்ள எல்லாம் போயிடுச்சு சார்" என்று பட்டறைக்காரர் சொல்வது பல சமயம் உண்மை. அவர் சொன்னபடி காத்திருந்ததால் விளைந்த உண்மை அது.

இன்னொன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாருதி 800-இன் உற்பத்தி 2014 தொடக்கத்தில் நின்றது. உத்தர்பாடா ஆலையில் அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் வெகுகாலம் முன்பே போய்விட்டது. இந்த வண்டிகளுக்குக் கம்பெனி அச்சில் அடித்த மட்கார்டும் கதவும் இனி எளிதில் கிடைக்காது. சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பேனல்கள் பல மெலிந்தவை. இடைவெளி சரியாகப் பொருந்துவதில்லை. வண்டியில் இன்று மிச்சமிருக்கும் அசல் தகடுதான் கைவசமுள்ள ஒரே உதிரிபாகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2. "வெறும் மேல்துரு, உள்ளே போகாது, பழைய வண்டித் தகடு கெட்டி"

இதில் பாதி உண்மை உண்டு. அம்பாசிடர் காலத்துத் தகடு இன்றைய சின்னக் கார்களின் தகட்டைவிடக் கனமானதுதான். பொத்தல் விழ அதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும், அவ்வளவே. ஆனால், இன்றைய கார்களின் தகட்டில் இருக்கும் துத்தநாகப் பூச்சு போன்ற பாதுகாப்புகள் அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. கனம் தந்த அனுகூலத்தைப் பூச்சின்மை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

மேல்துரு மேலேயே நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்குத் துருவின் குணம் இடம் தருவதில்லை. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு மெல்லியது, நெருக்கமானது. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கைக் காக்கும். இரும்புத் துரு அப்படியில்லை. தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் பெயிண்ட் கொப்புளித்து எழும்புகிறது. துரு நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்து அடியிலுள்ள இரும்புக்கு ஊட்டுகிறது. மழை நின்று பாடி காய்ந்த பிறகும் கொப்புளத்துக்கு அடியில் ஈரம் தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் புள்ளியைவிடப் பெயிண்டுக்கு அடியில் பரவிய துரு எப்போதும் அகலமாக இருப்பதும் இதனால்தான்.

இந்த இடத்தில் படித்தவர்கள் டெல்லி மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத் தூணை இழுப்பார்கள். சுமார் 1600 ஆண்டுகளாக அது திறந்தவெளியில் நிற்கிறதே, துருவே அதற்குக் கவசம் இல்லையா என்பார்கள். கவசம்தான். ஆனால் அந்தக் கவசம் எதனால் உண்டானது என்பதை கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தப் பழங்கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டபோது அந்தப் பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து மெல்லிய, நெருக்கமான பாஸ்பேட் படலமாக மேலே படிந்தது. காருக்கான தகட்டில் பாஸ்பரஸைக் குறைவாகவே வைத்திருப்பார்கள். அச்சில் வைத்து அழுத்தும்போது தகடு விரிசல் விடாமல் வளைய வேண்டுமே. மேலும் டெல்லி கடலிலிருந்து வெகு தொலைவு. அந்தத் தூணின் இரும்பும் அந்த ஊரின் காற்றும் உங்கள் கதவுக்கு இல்லை.

உப்புக் காற்றில் இரும்பு நிலைக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அது ரயிலைச் சுமந்ததற்குக் காரணம் ஓயாத பராமரிப்பு. துருப்பிடித்த உறுப்புகளை மாற்றுவதும், சுரண்டிப் பூசுவதும் அங்கே நிற்காத வேலையாக இருந்தது. பக்கத்தில் புதிய பாலத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த காலத்திலும் பழைய பாலத்தில் ரயில் ஓடியது. துரு மிஞ்சிப்போய், 2022 டிசம்பரில்தான் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதுப்பாலம் வரப்போகிறதே என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தூரிகையைக் கீழே வைத்திருந்தால் இராமேஸ்வரத்துக்கு ரயில் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

3. "தொட்டால் பரவும், சும்மா விட்டால் அப்படியே இருக்கும்"

பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் இந்த வாக்கியம் ஒரு காட்சிப் பிழையிலிருந்து பிறக்கிறது. சின்னக் கொப்புளம் ஒன்றைச் சுரண்டுகிறார்கள். அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. சுரண்டியதால்தான் பெரிதாயிற்று என்று தோன்றும். துரு முன்பே அங்கே இருந்தது, பெயிண்ட் மறைத்திருந்தது.

பாதி வேலையில் நிறுத்தினால் மட்டும் இந்த எச்சரிக்கை பலிக்கும். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பிறகு அடிக்கலாம் என்று வெறும் தகடாக இரவு முழுவதும் வெளியே விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். கைரேகையில் இருக்கும் வியர்வை உப்புகூடத் தகட்டில் விரல் தடமாகத் துருவை எழுப்பும். சுரண்டிய அன்றே பிரைமர் ஏற வேண்டும். அதற்கு நேரமில்லாத நாளில் சுரண்டவே வேண்டாம்.

4. "தற்காலிக வேலை ஆறு மாசம்கூட நிக்காது"

எதிர்வாதங்களில் கனமானது இது. சொல்கிறவர்கள் பட்டு அறிந்து சொல்கிறார்கள். தற்காலிக வேலை என்ற பெயரில் நம் ஊரில் வழக்கமாக நடப்பது சீக்கிரமே கொப்புளிக்கத்தான் செய்யும். ஏன் என்று பார்த்தால், குறை வேலையின் அளவில் இருக்காது, முறையில் இருக்கும்.

முதல் குறை, துருவின் மேலேயே பட்டி வைப்பது. பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பள்ளத்தை நிரப்பி மட்டம் செய்வதற்கு அது நல்ல பொருள்; தண்ணீரைத் தடுக்கும் வேலைக்கு ஆகாது. துருவின் மேல் வைத்த பட்டி துருவோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், தகட்டோடு அல்ல. துரு உப்பும்போது பட்டியும் பெயர்ந்து வரும். பொத்தலின் பின்னால் செய்தித்தாளை அடைத்து, முன்னால் பட்டி வைத்து மூடும் கைவேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரத்தைக் குடித்துவைக்கும் தாளைத் தகட்டுக்குப் பின்னால் நிரந்தரமாகக் குடிவைக்கிற வேலை அது.

இரண்டாவது, கப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத் துரு போய்விட்டது என்று நினைப்பது. சுழலும் கம்பித் தூரிகை உதிரும் துருவை எடுக்கும்; ஒட்டியிருக்கும் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும். கண்ணுக்கு உலோகம்போல மின்னும். சின்னச் சின்னக் குழிகளுக்குள் கரும்புள்ளியாகத் துரு அப்படியே உட்கார்ந்திருக்கும். உரப்பான உப்புத்தாளாலோ கிரைண்டரில் பொருத்தும் தாள் வட்டாலோ சாம்பல் நிற உலோகம் தெரியும்வரை போக வேண்டும். குழிகளுக்குள் மிஞ்சியதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலமும் டானிக் அமிலமும் மெல்லிய துருவை நிலையான கரும் படலமாக மாற்றும். அடை அடையாக நிற்கும் துருவை ஊடுருவி அடிவரை போக அதனால் முடியாது. சுரண்டுகிற வேலைக்குப் பதிலாக அதை ஊற்றுகிறவர்கள்தான் அதைத் திட்டுகிறார்கள்.

மூன்றாவது, தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. பெயிண்டின் மேல் வாட்டர் பேப்பர் சரியான கருவி. வெறும் தகட்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பட்டி வைத்த ஓரத்தையும் நனைத்து, ஈரம் காயுமுன் பிரைமர் அடித்தால் அடுத்த துருவுக்கு நாமே விதை போட்டதாகும். தகடு தெரியும் இடத்தில் உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும்.

நான்காவது, பிரைமரோடு நிறுத்திவிடுவது. சாலையில் ரெட் ஆக்சைடு அடித்த மட்கார்டோடு மாதக்கணக்கில் ஓடும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். துருவைத் தடுத்துவிட்டோம் என்று உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். ரெட் ஆக்சைடும் சாதாரண சர்ஃபேசரும் மேல்பூச்சுக்குப் பிடிப்புத் தரப் பிறந்தவை. மேலே பெயிண்ட் இல்லாமல் விட்டால் ஈரம் அவற்றின் ஊடே இறங்கிவிடும். எபாக்சி பிரைமர் ஈரத்தை இவற்றைவிடப் பல மடங்கு நன்றாகத் தடுக்கும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அதுவும் நாளடைவில் மாவு பூத்துப்போகும். எனவே எந்தப் பிரைமரானாலும் அதன்மேல் நிறப் பூச்சு இருந்தே ஆக வேண்டும். அது பொருந்தாத நிறமாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த நான்கு குறைகளையும் நீக்கிச் செய்த சின்ன வேலை, முழுப் பெயிண்ட் வரும்வரை ஓரிரு மழைக்காலங்களைத் தாண்டும். நமக்கு அதற்குமேல் அது நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

5. "இப்ப அடிக்கிறது, பின்னாடி அடிக்கப்போற பெயிண்டைக் கெடுக்கும்"

பெயிண்டர்கள் சொல்லும் வாதம் இது. அடிப்படை இல்லாமல் சொல்வதில்லை. ஸ்பிரே கேனில் வரும் சாதாரண பெயிண்டும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் தின்னர் பட்டால் மறுபடி இளகும் இயல்புடையவை. அவற்றின் மேல் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட் ஏறினால் அதிலுள்ள தின்னர் கீழ்ப்பூச்சைச் சுருக்கித் தூக்கிவிடக்கூடும். சிலிக்கோன் கலந்த பாலீஷோ டேஷ்போர்டு ஸ்பிரேயோ பட்ட இடத்தில் புதுப் பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். அமிலம் கலந்த எட்ச் பிரைமரின் மேல் பாலியஸ்டர் பட்டி வைத்தால் பட்டி சரியாக இறுகாது.

இவை எல்லாமே எந்தப் பொருளைப் பயன்படுத்துவது என்பதைப் பற்றிய எச்சரிக்கைகள். வேலையே வேண்டாம் என்று முடிவுகட்ட இவை போதா. சுத்தமான தகட்டில் நேராக எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் மேல்பூச்சு கொடுத்திருந்தால், முழுப் பெயிண்ட் நாளில் பெயிண்டருக்கு அந்த இடத்தில் தலைவலி இல்லை. கையில் ஸ்பிரே கேன்தான் கிடைத்தது என்றாலும் பாதகமில்லை. எங்கெங்கே அடித்தோம் என்று சொல்லிவிட்டால் அந்த இடங்களை அவர் தகடு வரை சுரண்டிவிட்டுத் தொடங்குவார். சில நிமிட வேலை. துருவைச் சுரண்டுவதைவிடப் பெயிண்டைச் சுரண்டுவது எளிது என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

இதற்காகவே ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். சரிசெய்யுமுன் ஒரு படம், சுரண்டி முடித்த பிறகு ஒரு படம், பூசிய பின் ஒரு படம் செல்போனில் எடுத்து வையுங்கள். என்ன பிரைமர், என்ன பெயிண்ட் என்று எழுதி வையுங்கள். முழுப் பெயிண்டுக்கு விலை பேசும்போது இந்தப் படங்களைக் காட்டினால், "உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும்" என்ற பேச்சுக்கு இடம் குறையும்.

6. "கலர் சேராது, பார்க்க அசிங்கம், விற்கப்போனால் விலை போகாது"

நிறம் சேராது என்பது உண்மை. பல வருட வெயிலில் வெளிறிய பெயிண்டுக்கு அருகில் புதுப் பெயிண்ட் திட்டாகத்தான் தெரியும். முழுப் பெயிண்ட் அடிக்கப்போகிற வண்டியில் அதற்கு ஏன் கவலைப்பட வேண்டும்? "எப்படியும் அடிக்கப்போறோம்" என்ற வாக்கியத்தைத் துருவை விட்டுவைக்கப் பயன்படுத்துகிறவர்கள், அதே வாக்கியத்தைத் திட்டுகளைப் பொறுத்துக்கொள்ளப் பயன்படுத்தலாமே.

விலை விஷயத்தில், பழைய கார் வாங்கத் தெரிந்தவர் துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவின் அடியோரத்திலும் மட்கார்டு வளைவிலும் வைத்துப் பார்ப்பார். கனமாகப் பட்டி வைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. திட்டாகத் தெரிந்தாலும் காந்தம் நன்றாக ஒட்டும் வண்டிக்கு அவர் நியாயமான விலை சொல்வார். பளபளவென்று இருந்தும் காந்தம் வழுக்கி விழும் வண்டியைப் பார்த்துத்தான் நகர்ந்துவிடுவார்.

7. "அண்டர்கோட்டிங் அடிச்சு, கவர் போட்டு நிறுத்திட்டா போதும்"

துருவின் மேல் அடித்த ரப்பர் கோட்டிங் ஈரத்தை வெளியே தடுப்பதற்குப் பதிலாக உள்ளே பூட்டிவைக்கும். கருப்பாக, சீராக இருப்பதால் அடியில் நடப்பது கண்ணுக்கும் தெரியாது. சுத்தமான, பிரைமர் ஏறிய அடிப்பாகத்தில் அடித்தால் அது நல்ல பாதுகாப்பு, மற்றபடி திரை. கவரும் அப்படித்தான். மழையில் நனைந்த வண்டியைக் காற்றோட்டமில்லாத கவரால் மூடினால் ஈரம் வெளியேற வழியிருக்காது. காற்றோட்டமான கூரையடியில் கவரில்லாமல் நிற்பது அதைவிட மேல்.

எங்கே தற்காலிக வேலை கூடாது

எதிர்வாதிகளுக்கு ஓர் இடத்தை முழுமையாக விட்டுக்கொடுக்க வேண்டும். அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 ஆகிய மூன்றிலும் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே வண்டியின் எலும்புக்கூடு. கதவுக்கு அடியில் ஓடும் நீளப் பெட்டிப் பகுதி, சஸ்பென்ஷன் வந்து சேரும் இடங்கள், ஜாக்கி வைக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், சீட் பொருத்திய ஃப்ளோர் ஆகியவற்றில் துரு தெரிந்தால் உப்புத்தாளோடு உட்காரக் கூடாது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். முனையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் மழுங்கினாலோ, தகடு அமுங்கினாலோ, முனை உள்ளே இறங்கினாலோ அது வெட்டி வெல்டிங் வைக்க வேண்டிய இடம். பிரேக் பைப்பிலும் பெட்ரோல் டேங்கிலும் துரு என்றால் பூச்சுக்கே இடமில்லை, மாற்றியாக வேண்டும். இவை முழுப் பெயிண்டுக்கும் காத்திருக்கக் கூடாதவை.

உள்ளிருந்து வெளியே வரும் துருவும் தனி வகை. கதவின் அடியோரத்தில் கொப்புளம் வந்தால் பெரும்பாலும் கதவுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். கண்ணாடி இறங்கும் பீடிங் வழியாக உள்ளே வரும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். மண்ணும் இலையும் அவற்றை அடைத்துவிடும். துளையைக் கம்பியால் குத்தித் திறக்காமல் வெளியே எத்தனை முறை பூசினாலும் கொப்புளம் திரும்பி வரும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், பேட்டரி தட்டு, கால் மிதிக்கு அடியில் உள்ள ஃப்ளோர் ஆகியவற்றையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்: முதலில் தண்ணீர் வரும் வழி, பிறகு துரு.

சரியான தற்காலிக வேலை

வெயில் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு தின்னர் துணியால் துடையுங்கள். தேய்க்கும் முன்பே துடைப்பது முக்கியம். பழைய பாலீஷையும் கிரீஸையும் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றக் கூடாது. 80-ஆம் நம்பர் தாளால் துரு முழுவதும் போகும்வரை, சுற்றிலும் நல்ல உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பிறகு 180, 320 என்று நைசான தாளுக்கு மாறி, பழைய பெயிண்டின் ஓரத்தை விரலில் படிக்கட்டு தட்டாதபடி சாய்வாக்குங்கள். குழிகளில் கருமை மிஞ்சியிருந்தால் அங்கே மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தொட்டுவைத்து, டப்பாவில் சொன்ன நேரம் கழித்து, சொன்னபடியே துடைத்தெடுத்துக் காயவையுங்கள். அமிலப் பிசுக்கு மிச்சமிருந்தால் எபாக்சி சரியாகப் பிடிக்காது.

மறுபடி ஒரு முறை துடைத்துவிட்டு, வெறும் கையால் தொடாமல், அன்றே எபாக்சி பிரைமர் இரண்டு கை பூசுங்கள். புள்ளி அளவு வேலைக்குத் தூரிகையே போதும். ஹார்டனர் கலக்கும் 2கே மேல்பூச்சை வீட்டு வாசலில் ஸ்பிரே செய்ய வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. கையுறையும் காற்றோட்டமும் எந்தப் பூச்சுக்கும் வேண்டும். பிரைமர் இறுகியதும் கிட்டத்தட்ட நிறம் பொருந்தும் பெயிண்டை இரண்டு கை கொடுத்து மூடுங்கள். பட்டி வேண்டாம். மேடுபள்ளத்தை முழுப் பெயிண்ட் நாளில் பெயிண்டர் பார்த்துக்கொள்வார். பின்புறம் எட்டுகிற இடமானால் உட்புறத்துக்கென விற்கும் மெழுகுப் பூச்சை உள்ளே மட்டும் அடியுங்கள். வெளிமுகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் ஆகும் சாமான் செலவு, ஒரு மட்கார்டின் அடியை வெட்டி வெல்டிங் வைக்கும் கூலியோடு ஒப்பிட வேண்டியதே இல்லாத அளவுக்குச் சிறியது. பழைய கார் வைத்திருப்பவர்கள் முழுப் பெயிண்டை வசதிப்படி எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். துருப் புள்ளிகளை அடுத்த மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பட்டறையில் "அப்ப சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், "அப்ப பெயிண்ட் அடிங்க, இப்ப துருவை எடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். அவர் மறுத்தால் உப்புத்தாளை நீங்களே கையில் எடுக்கலாம். புள்ளி அளவு துருவுக்கு அந்த அளவு கைவேலை போதும்.